மிச்சமான மூன்று ‘தி’

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனி பராமரிக்கிற நூற்றுச் சொச்சம் லிஃப்ட்டுகளில் முக்கால்வாசி அவர் கைபட்டவை. இத்தனை பெருமையும் ஒரு திங்கட்கிழமை காலையில், நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அரைப் பக்கக் காகிதத்தின் முன்னால் செல்லாக்காசாகிப் போயிற்று.

இனிமேல் வேலை முடிந்ததும் எழுதுகிற ரிப்போர்ட்டை எல்லோரும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தலைமை அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவார். மூன்று தடவை திரும்பி வந்தால் அந்த மெக்கானிக்கை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள்.

ஸ்டோர் என்பது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு கிரீஸ் டப்பா எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் குறையாது என்பதால் பலருக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. மெக்கானிக்குத் தெரிந்தது. ஆயுசில் பாதியை மேலும் கீழும் ஓடுகிற ஒன்றோடு கழித்த மனிதர் அவர். அசையாமல் ஓரிடத்தில் உட்காருவது அவரால் ஆகிற காரியமில்லை.

அதுவரை ரிப்போர்ட் என்று அவர் எழுதியது நான்கே வார்த்தை: “பார்த்தேன். சரி செய்தேன். ஓடுகிறது.” இதற்கு மேல் ஒரு லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆங்கிலம் அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. உதிரிபாகங்களின் பெயர் அத்தனையும் ஆங்கிலம்தான். கேட்டலாக்கை ஒரு வரி விடாமல் படிப்பார். அந்தத் தைரியத்தில் முதல் ரிப்போர்ட்டை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. அம்மை போட்ட முகம் மாதிரி பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். அடியில் முத்து முத்தான கையெழுத்தில் தமிழிலேயே ஒரு வரி: “ஆர்ட்டிகிள்கள் எங்கே? ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஒன்றுகூட இல்லையே.”

யார் அந்தப் புண்ணியவான் என்று விசாரித்தார். தலைமை அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிற ரிப்போர்ட் மேடம் என்றார்கள். மெக்கானிக்குகள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குள் அவருக்குப் பெயர் ‘சிவப்புப் பேனா’.

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே. கதவு என்றால் கதவு. எந்தக் கதவு என்று கேட்டால் கையை நீட்டி ‘அந்தக் கதவு’ என்றால் முடிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு சேவகனை நிறுத்தி வைக்கிற வழக்கம் தமிழனுக்கு இல்லை. அப்படி நிறுத்தாததால் நம் கதவுகள் எதுவும் திறக்காமல் போய்விடவும் இல்லை.

சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார். அவருக்கு எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிட வேண்டும்.

“தெரிஞ்சதுக்கு ‘தி’, தெரியாததுக்கு ‘எ’. அவ்வளவுதான் விஷயம். போய் எழுதுங்க.”

மெக்கானிக் நாணயமான மனிதர். சொன்னதைச் சொன்னபடி செய்தார். அடுத்து அவர் எழுதியது பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிற ஒரு லிஃப்ட்டைப் பற்றி. அதை முதல் வரியிலிருந்தே ‘தி’ போட்டுத்தான் எழுதினார், வேறெப்படி எழுதுவது? பெட்டியில் கிடந்த ஸ்பானருக்கும் ‘தி’ போட்டார். கட்டடத்தின் உரிமையாளரை அவர் பார்த்ததே இல்லை; அவருக்கு ஓர் ‘எ’. கட்டட மேலாளரை நன்றாகத் தெரியும், ஆனால் போன மாதம் அந்த ஆள் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நாலு மணி நேரம் வேலை வாங்கியிருந்தார். யோசித்துவிட்டு அவருக்கும் ‘எ’ போட்டார்.

வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். அதுவும் திரும்பி வந்தது. “உரிமையாளரை யாரோ ஒருத்தர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவர் நம் வாடிக்கையாளர். ஸ்பானரை மட்டும் இவ்வளவு மரியாதையாக எழுதியிருப்பது ஏன்?”

யாரோ ஒருத்தர்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே அதை மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு போயாயிற்று. கையில் இருப்பது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை. கத்தி, கத்தரி, பஞ்சு, துணி எத்தனை மேஜைக்கு வந்தது, எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணிச் சொல்வது அவள் பொறுப்பு. எண்ணிக்கை உதைத்தால், எப்பேர்ப்பட்ட டாக்டராக இருந்தாலும் தையல் போட விடமாட்டாள். அந்த எண்ணுகிற புத்தி வீட்டிலும் அவளை விட்டுப் போனதில்லை; துவைக்கப் போட்ட கைக்குட்டைகூடக் காணாமல் போக முடியாது.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. ஆனா எண்ணத் தெரியும். சரியா எழுதின ரிப்போர்ட் ஒண்ணு கொடுங்க. அதுல எது எது எத்தனை இருக்குன்னு பாப்போம்.”

சரியாக எழுதிய ரிப்போர்ட் ஒன்று இருந்தது. மாதிரிக்கென்று அலுவலகமே எல்லோருக்கும் நகல் அனுப்பியிருந்தது. எழுதியவர் இன்னொரு மெக்கானிக். வேலைக்கு டை கட்டிக்கொண்டு வருவார் என்பதால் அவருக்குப் பெயரே ‘டை’. சுழல்கிற இயந்திரத்தின் பக்கத்தில் கழுத்தில் துணியைத் தொங்கவிட்டு நிற்கிறவனை என்னவென்று சொல்வது. ஆனால் அவர் ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட விழுந்ததில்லை.

மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். ‘தி’ பதினான்கு, ‘எ’ ஒன்பது, ‘ஆன்’ இரண்டு. ஆக ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து.

அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் புரிகிற பாஷை. கதவுப் பூட்டு மாற்றப் போனால் இத்தனை போல்ட், இத்தனை வாஷர் என்று முன்கூட்டியே எடுத்துப் போவதில்லையா, அதுதான் இது. மருந்து அட்டைப்பெட்டியை வெட்டி இருபத்தைந்து சீட்டு செய்தார். ஒவ்வொன்றிலும் எழுதி, போல்ட் போட்டு வைக்கிற தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினார். அடுத்து அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டை ஆர்ட்டிகிள் எதுவும் இல்லாமல் பெரிய தாளில் இடம் விட்டு எழுதினார். பிறகு டையின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே எந்த மாதிரி இடத்தில் எது இருக்கிறதோ இங்கேயும் அதே மாதிரி இடத்தில் அதே சீட்டை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். இரண்டு வேலையும் கிட்டத்தட்ட ஒரே வேலை என்பதால் சுலபமாகவே போயிற்று. மனைவி பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

முடிந்தபோது டப்பாவில் மூன்று ‘தி’ மிச்சம்.

மெக்கானிக்கின் முகம் மாறிவிட்டது. அவர் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான் உண்டு: மூடியை மாட்டின பிறகு கையில் ஒரு போல்ட்கூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எங்கேயோ ஓர் ஓட்டை காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

“மூணு வெளிய நிக்குது. எங்கயோ விட்டிருக்கேன்.”

“அவர் எழுதினதைவிட நீங்க ரெண்டு வரி கம்மியா எழுதியிருக்கீங்க. அதான் மிஞ்சுது. விடுங்க.”

“மிஞ்சினதை எப்படி விடறது?”

“ஏங்க, வெளிய மிஞ்சினா ஒண்ணும் ஆகாது. உள்ள மிஞ்சினாத்தான் ஆபத்து. இருபது வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு நெனச்சீங்க?”

“உன் வேலை வேற, என் வேலை வேற. நீ உள்ள போனதை வெளிய எடுக்கறவ. நான் வெளிய இருக்கறதை உள்ள போடறவன்.”

“அப்ப உங்க பேஷண்ட் செத்தா என்னைக் கேக்காதீங்க.”

இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் சண்டை போடாத விஷயம் கிடையாது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஆங்கில இலக்கணம் விட்டுப் போயிருக்கிறது. கடைசியில் மனைவி துணி மடிக்கப் போன சமயம் பார்த்து, மெக்கானிக் மூன்றையும் செருகிவிட்டார். ஒன்று கட்டட உரிமையாளரின் பெயருக்கு முன்னால், போன தடவை பட்டது போதும் என்று. ஒன்று தேதிக்கு முன்னால். மூன்றாவதுக்கு எங்கே தேடியும் இடமில்லை. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவனுக்கு ஒரு ‘தி’கூடவா கிடையாது என்று அடியில் தன் பெயருக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டார். பிறகு மொத்தத்தையும் நல்ல தாளில் எழுதி எடுத்தார்.

தபாலில் அனுப்பினால் இது மூன்றாவது ஆகிவிடலாம். நேரில் கொடுத்தால் வாயால் நாலு வார்த்தை பேசலாம். எனவே செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் கருவிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார்.

லிஃப்ட்டில் ஏறினார். மூன்றாவது மாடியில் ஒருவர் இறங்குவதற்காக நின்றது. நின்ற பிறகும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. இறங்கியவர் கவனிக்கவில்லை. மெக்கானிக்குக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது. பிரேக் பிடிக்கவில்லை, பிடிக்கிற மாதிரி நடிக்கிறது.

ஐந்தாவது மாடியில் ரிப்போர்ட் மேடம் அவர் நினைத்த மாதிரி இல்லை. ஐம்பது வயதிருக்கும். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல். அதன்மேல் வீங்கிய முட்டியோடு ஒரு காலை நீட்டியிருந்தார். தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது டையின் மாதிரி ரிப்போர்ட்.

“நீங்கதானா ஸ்பானர்காரர்? உக்காருங்க” என்று சிரித்தார். ரிப்போர்ட்டை வாங்கி, பேனாவின் மூடியைக் கழற்றி, வரி வரியாகப் படித்தார். மெக்கானிக்கின் காது அங்கே இல்லை. சுவருக்குப் பின்னால் லிஃப்ட் ஏறுவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அது நின்றபோதும் தோள் தானாகக் குறுகியது. ரிப்போர்ட்டுக்காகத்தான் பயப்படுகிறார் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

“பரவால்லையே. இருபத்திரண்டு சரியா இருக்கு. மூணுதான் தப்பு.” மூன்று வட்டம் விழுந்தது. “உங்க பேருக்கு முன்னாடி ‘தி’ எதுக்கு?”

“மிஞ்சிடுச்சு மேடம்.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். பிறகு சிரிக்க முடியாத விஷயத்துக்கு வந்தார்.

“தப்பு இருந்தா திருப்பணும். இதோட மூணாவது தடவை. நான் போட்ட சட்டம் இல்ல, ஆனா அதை நடத்தறது நான்தான். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். மனசுல வெச்சுக்காதீங்க.” மேஜை அறையைத் திறந்து ஸ்டோர் மாற்ற ஃபாரம் ஒன்றை எடுத்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம். மூன்று சீட்டு, மருந்து அட்டையில் வெட்டின மூன்று சீட்டு, இருபத்திரண்டு வருஷத்தை விழுங்கிவிட்டது. ஏதாவது பேசத்தான் நேரில் வந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து சுவருக்குப் பின்னால் லிஃப்ட் மறுபடி நின்றது. நின்ற பிறகு லேசாக ஒரு முனகல்.

“மேடம், இந்த லிஃப்ட்டை யார் பாக்கறாங்க?”

“அவர்தான்.” மேடம் தலைக்கு மேலே கை காட்டினார். “அந்த ரிப்போர்ட்டே இந்த லிஃப்ட்டுக்கு எழுதினதுதான்.”

“அஞ்சு நிமிஷம் மேடம்” என்று மெக்கானிக் எழுந்தார். அனுமதி கிடைத்ததா என்று பார்க்க நிற்கவில்லை.

மொட்டைமாடி மெஷின் ரூமுக்குக் கம்பெனி மெக்கானிக் எல்லோரிடமும் ஒரே சாவிதான். திறந்து உள்ளே போனவர் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விஷயத்தைப் பார்த்துவிட்டார். ஜன்னல் விளிம்பில், துடைக்கிற துணியின்மேல், இரண்டு போல்ட். பிரேக்கை இயந்திரத்தோடு பிடித்து நிறுத்துகிற நான்கில் இரண்டு. மற்ற இரண்டும் இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்து கிடந்தன.

வந்த ஆத்திரத்தில் இரண்டையும் அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேலையில் மறதி வராத மனிதன் இல்லை. ஆனால் மூடியை மாட்டிவிட்டு விளிம்பைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவன் என்ன மனிதன்? லிஃப்ட்டுக்குள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மெயின் சுவிட்சை இறக்கினார். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கருவிப் பையில் இருந்த தடித்த கறுப்புப் பேனாவால் பெரிய பெரிய ஆங்கில எழுத்தில் ஆறு மாடிக்கும் ஆறு எழுதினார். சீட்டு டப்பா வீட்டில் இருந்தது. இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார். ‘லிஃப்ட் நோ குட். பிரேக் போல்ட் அவுட்சைட். டோன்ட் கோ. டேக் ஸ்டெப்ஸ்.’ ஓடி ஓடி ஒவ்வொரு கதவிலும் ஒட்டிவிட்டு, மூச்சு வாங்க மறுபடி ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தார்.

அங்கே ஐந்து மணிக்குக் கிளம்பிய எட்டுப் பேர் கதவின் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். படித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள்.

கடைசியாக, நொண்டிக்கொண்டே ரிப்போர்ட் மேடம் வந்தார். தோளில் கைப்பை, விரலிடுக்கில் ஃபாரம். அட்டையின் முன்னால் நின்றார். பழக்கதோஷத்தில் வலது கை பேனாவைத் தேடிப் போனது. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

“இதுல ஒரு ‘தி’கூட இல்ல” என்றார் மேடம் மெதுவாக.

“நேரம் இல்ல மேடம்.”

“இல்ல. நான் அதுக்குச் சொல்லல.” இன்னொரு முறை படித்தார். “எட்டுப் பேரும் புரிஞ்சுட்டுப் போயிட்டாங்க. நான் திருத்தின ரிப்போர்ட் எதையாவது எட்டுப் பேர் படிச்சிருப்பாங்களான்னு யோசிக்கறேன்.”

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து இரண்டு போல்ட்டையும் எடுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மேடம் திரும்பி, திறந்திருந்த அறைக் கதவு வழியாகத் தன் சுவரைப் பார்த்தார். “எல்லா போல்ட்டையும் இறுக்கியாச்சுன்னு அதுல எழுதியிருக்கு. வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல” என்றார். “தினம் நாலு தடவை இதுல ஏறி எறங்கறேன்.”

“கீழ வரைக்கும் நூத்திப் பத்து படி மேடம். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. அவசரமில்ல.”

இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினார்கள். இரண்டாவது மாடியில் மேடம் சொன்னார்: “ஒளிக்காம சொல்லிடறேன். சட்டப்படி நடுவுல விட்ட வேலையோட ஒருத்தரை மாத்த முடியாது. இந்த லிஃப்ட் ஓடற வரைக்கும் நீங்க மெக்கானிக்தான். ஓட ஆரம்பிச்சதும் ஃபாரம் மேனேஜர்கிட்டப் போகணும்.”

நூற்றுப் பத்தாவது படியில் மேடம் அப்படியே உட்கார்ந்து காலை நீட்டினார். எதிரே நாலடி தூரத்தில் மேனேஜர் அறை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எப்ப ஓடும்?” என்று கேட்டார்.

மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் காலை மிதித்திருப்பாள். ஒரு வாரம் என்று சொல்லலாம். பாகம் வரணும், பத்து நாள் என்றுகூடச் சொல்லலாம். இந்தக் கட்டடத்தில் மறுத்துப் பேச ஆளில்லை. அவர் வாயைத் திறந்தார். ஆனால் ஒரு லிஃப்ட்டைப் பற்றிப் பொய் சொல்ல அந்த வாய்க்கு இருபத்திரண்டு வருஷமாகப் பழக்கமில்லை.

“நாலு போல்ட்டும் நல்லாத்தான் இருக்கு. அரை மணி நேரம் போதும் மேடம்” என்றார். சொல்லிவிட்டு, தானே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவராகத் தரையைப் பார்த்தார்.

மேடம் அவரைப் பார்த்தார். மேனேஜர் அறையைப் பார்த்தார். பிறகு ஃபாரத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு, பையை மூடினார்.

“ஸ்டோர்ல கிரீஸ் எடுத்துக் கொடுக்கறவர் சரி பண்ணின லிஃப்ட்ல நாளைக்குக் காலைல எந்த தைரியத்துல ஏறுவேன்?” என்றார். “போங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். முடிச்சுட்டு நீங்களே அதுல எறங்கி வாங்க, பாக்கணும்.”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மேடம் பார்க்கும் முன்னால் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். மத்தியானத்திலிருந்து அவர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார் என்று மனைவியிடம் கேட்டால் எண்ணிச் சொல்லியிருப்பாள். அவர் எண்ணவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிப் போனார்.